புல் வெட்டினால் வெங்காயம் மணக்கும்

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ளவும் ஒரு திறமை வேண்டும். சிலர் ஷேர் மார்க்கெட்டில் வைத்துக்கொள்வார்கள். சிலர் மச்சினனை பிசினஸில் பார்ட்னராகச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். நான் என்னுடையதை வீட்டு வாசலில் விதைத்து, பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வளர்த்து, சரியாக என் தம்பியின் கல்யாணப் பேச்சு நடக்கும் நாளில் அறுவடை செய்தேன்.

முதலில் அந்தப் பயிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் இதைக் கேட்காமல் தப்பித்துப் போனதில்லை.)

டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஆலனில் எங்கள் வீடு. வீடு வாங்கிய முதல் வருடம், குளிர்காலம் முடியும் சமயம், வாசல் புல்வெளி வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. இந்த ஊர்ப் புல் குளிர் வந்தால் அப்படித்தான் தூங்கிவிடும். அந்த வைக்கோலுக்கு நடுவே அங்கங்கே கரும்பச்சையாக, கொத்துக் கொத்தாக, தூங்கி எழுந்து தலை வாராத பிள்ளை மாதிரி ஏதோ ஒன்று எழும்பி நின்றது. பக்கத்து வீட்டு அமெரிக்கர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்து, "களை. மருந்து அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பரவிவிடும்" என்றார். நல்ல மனிதர். அவர் பேச்சை நான் கேட்டிருக்கலாம்.

நானோ ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வாசனை குப்பென்று ஏறியது. சாட்சாத் வெங்காயம்! அடியில் நார்வலை போட்ட மாதிரி பழுப்புத் தோல். அதை உரித்தால் உள்ளே வெள்ளையாக, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குட்டிக் குட்டி வெங்காயங்கள். நான் திண்டுக்கல்காரி. வெங்காய மண்டிக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள். வெளிநாட்டுக்கு வந்த தமிழச்சி எதை மறந்தாலும் சின்ன வெங்காயத்தை மறக்க மாட்டாள். இந்தியன் கடை ஃப்ரீசரில் பாக்கெட்டில் கிடைக்கிறதே, அது வெங்காயம் இல்லை, வெங்காயத்தின் ஆவி. அப்படி ஏங்கிக் கிடந்தவளுக்கு, வாசலைப் பெருக்கப் போனால் காலடியில் சின்ன வெங்காயம் என்றால் எப்படி இருக்கும்?

ஆனாலும் நான் அவசரக்குடுக்கை இல்லை. (அன்றைக்கு இல்லை.) விசாரித்தேன், படித்தேன். இது காட்டு வெங்காயம். இந்தப் பக்கத்துக் கரிசல் மண்ணில் யாரும் நடாமலே முளைக்கும். தாளும் சாப்பிடலாம், கிழங்கும் சாப்பிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அச்சு அசலாக இதே மாதிரி இன்னொரு செடி உண்டு. அதே இலை, அதே கிழங்கு. இந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'காக்கா விஷம்'. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்கும். பூத்தால் பூவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பூக்காதபோது மூக்குதான் கதி. வெங்காய வாசனை வந்தால் வெங்காயம். வாசனை இல்லையா, வாயில் வைக்காதே. இந்த வாக்கியத்தைத் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நான் வகுப்பாகவே எடுத்திருக்கிறேன்.

புல்லுக்கு மருந்து அடிப்பதை நிறுத்தினேன். ஒரு வருடம் சும்மா விட்டு, பழைய மருந்தெல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, அதற்கடுத்த வசந்தத்தில் ஆரம்பித்தேன். தாளைப் பொடியாக நறுக்கி முட்டைப் பொடிமாஸில் போட்டேன். தோசை மேல் தூவினேன். கிழங்கை நல்லெண்ணெயில் வதக்கி வத்தக்குழம்பு வைத்தேன். வறமிளகாய், புளி, கல்லுப்பு சேர்த்து அம்மியில் (ஆமாம், அம்மி இருக்கிறது, கராஜில்) துவையல் அரைத்தேன். கடைச் சின்ன வெங்காயத்தைவிட இதற்குக் காரம் ஒரு பிடி அதிகம், பூண்டு வாசனையும் லேசாக உண்டு. என் கணவர் சேகர் அந்தத் துவையலைச் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகும் பேச்சையே எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அதோடு விட்டேனா? வசந்தம் முடியும்போது இந்தச் செடியின் தண்டு உச்சியில், பூவோடு சேர்ந்து மிளகு மிளகாகக் குட்டி வெங்காயங்கள் காய்க்கும். அதுதான் விதை வெங்காயம். அதையெல்லாம் பறித்து வைத்து, மழை விழுந்த நாளாகப் பார்த்து, வாசல் முழுக்கத் தூவினேன். சில வருடங்களில் எங்கள் புல்வெளியில் புல்லைத் தேட வேண்டியதாகிவிட்டது. "இது லானா, வெங்காய மண்டியா?" என்று சேகர் கேட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் தம்பி கதிரிடம் வருவோம். வேலை கிடைத்து டாலஸுக்கு வந்தவன் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தான். அவனுக்கும் நிவேதாவுக்கும் ஆபீசில் பழக்கமாகி, அது கல்யாணம் வரைக்கும் வந்தது. நிவேதா தங்கமான பெண். அவள் அம்மா அப்பா சென்னை. ஜாதகம், ஊர், சொந்தபந்தம், விசா என்று எல்லாத் தடைகளையும் இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டு, கடைசியில் வெங்காயத்தில் வந்து நின்றார்கள். நிவேதா வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. பரம்பரையாகக் கிடையாது. கதிரோ என் கூடப் பிறந்தவன். தாய்ப்பாலுக்கு அப்புறம் நேராக வெங்காயத் துவையலுக்கு வந்தவன்.

அவன் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "அக்கா, நான் வெங்காயத்தை விட்டுட்டேன். நிவிகிட்ட சொல்லிட்டேன்."

"எத்தன நாளைக்குடா?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. விட்டாச்சு."

நான் நம்பவில்லை. நிவேதாவின் அம்மா மைதிலி ஆன்ட்டியும் நம்பவில்லை. மகளைப் பார்க்க அவரும் நிவேதாவின் அப்பாவும் அமெரிக்கா வந்திருந்தார்கள். ஆன்ட்டி எனக்கே போன் பண்ணினார். குரலில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதம்மா. வெங்காயம் சாப்பிடறவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. பையன் விட்டுட்டேங்கறான், சந்தோஷம். ஆனா வெங்காயம் மணக்கற வீட்டுல இருந்துண்டு எப்படி விட முடியும்? வாய்ச்சொல்ல யார் வேணா சொல்லலாம். அதான் நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு."

என் வாய்க்குள் சனி அப்போதுதான் புகுந்தது. "நீங்க வாங்க ஆன்ட்டி. வீட்டுல ஒரு பொட்டு வெங்காய வாசனை இருக்காது. அதுக்கு நான் கேரண்டி" என்றேன். போனை வைத்ததும் கதிர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா போதும்" என்றான். சின்ன வயதில் பள்ளி ரிப்போர்ட் கார்டில் அப்பாவுக்குப் பதில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கெஞ்சும்போதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை. இவனுக்காக வீட்டையே புரட்டிப் போடுவேன் என்று நினைத்தேன். புரட்டிப் போட்டேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்தது சுத்தம் இல்லை, ரெய்டு. ஃப்ரிட்ஜைக் கழற்றிக் கழுவினேன். மிக்ஸி ஜார் மூடியின் ரப்பர் வளையத்தை வெந்நீரில் வேகவைத்தேன். (அதில்தான் வெங்காயம் குடியிருக்கும். வேறு யாருக்கும் இது தெரியாது.) மரப்பலகையைத் தூக்கி எறிந்தேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். மிச்சமிருந்த வெங்காயம், பூண்டு, இஞ்சி பூண்டு விழுது எல்லாவற்றையும் ஒரு கூடையில் கட்டி, சேகர் காரின் டிக்கிக்கு நாடு கடத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதிர் அவர்களை அழைத்து வர நிவேதா குடியிருக்கும் இர்விங்குக்குக் கிளம்பினான். சேகரை பூ, பழம், வெற்றிலை வாங்க இந்தியன் கடைக்கு அனுப்பினேன், டிக்கியில் அகதிகளோடு. கதிர் காரில் ஏறும்போது வாசலைப் பார்த்தான்.

"அக்கா, உள்ள எல்லாம் சூப்பர். ஆனா லான் பாரு, காடு மாதிரி இருக்கு. ஆன்ட்டி எறங்குனதும் மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

உண்மைதான். வழக்கமாகப் புல் வெட்டும் ஆள், அந்த வருடத்தின் முதல் வெட்டுக்கு அந்த வாரம் வர வேண்டியவர், மழை என்று வரவில்லை. என் பயிர் முழங்கால் உயரத்துக்குச் செழித்து நின்றது. "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இங்கே ஒரு முக்கியமான தகவல். டெக்சாஸில் மார்ச் மாதம் என்றால் மரங்களிலிருந்து மகரந்தம் கொட்டும். கார்கள் எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கும். எனக்கு அலர்ஜி. அந்த வாரம் முழுக்க என் மூக்கு சிமெண்ட் வைத்துப் பூசினதுபோல் அடைத்துக் கிடந்தது. பெருங்காய டப்பாவுக்குள் தலையை விட்டால்கூட ஒன்றும் தெரியாது. வீட்டில் வேறு மூக்கும் இல்லை.

மிஷினை இழுத்து வந்து, ஸ்டார்ட் பண்ணி, வெட்ட ஆரம்பித்தேன்.

வெங்காயத்தை மிக்ஸியில் போட்டு அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மூடி போடாமல் அடித்தால்? அந்த ஜார் ஒரு வாசல் அளவுக்கு இருந்தால்? மேலே டெக்சாஸ் காற்றும் அடித்தால்? இதையெல்லாம் இன்றைக்கு யோசிக்கிறேன். அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டினேன். கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. அலர்ஜி இவ்வளவு முற்றிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் நாயோடு நடந்துபோன ஒரு பெண்மணி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாள். புல் வெட்டும் அழகைப் பாராட்டுகிறாள் என்று நானும் சிரித்தேன்.

முடித்ததும் வாசல் நிஜமாகவே அழகாக இருந்தது. ஜமக்காளம் விரித்த மாதிரி. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒருவேளை வீட்டுக்குள் பழைய வெங்காய வாசனை ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால்? என் மூக்கை நம்ப முடியாது. அதனால் வெட்டிய புல்லின் சுத்தமான காற்று வரட்டும் என்று, வாசல் பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

பட்டுப்புடவை, தலையில் பூ, நெற்றியில் குங்குமம். கதிரின் கார் வந்து நிற்கும்போது நான் வாசற்படியில் கும்பிட்டபடி நின்றேன். நிவேதா இறங்கினாள். அவள் அப்பா ராகவன் அங்கிள் இறங்கினார். இறங்கியவர் ஒரு நீளமான மூச்சை இழுத்து, அதை விடாமல் அப்படியே நின்றார். மைதிலி ஆன்ட்டி ஒரு காலைத் தரையில் வைத்தார். இன்னொரு கால் காருக்குள்ளேயே இருந்தது. கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"வாங்க ஆன்ட்டி, வாங்க அங்கிள், உள்ள வாங்க!"

"என்னம்மா சமையல்?" என்றார் ஆன்ட்டி, கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து.

"சாம்பார், அவியல், பால் பாயசம். வெங்காயம் கண்ணுலயே படல ஆன்ட்டி."

"கண்ணுல படலயா? மூக்குல ஏறுதே."

கதிர் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"நான் என்னடா பண்ணேன்?" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"தெருவே வெங்காயம் நாறுது!"

இந்த நேரம் பார்த்து சேகரின் கார் வந்தது. நல்ல மூக்கும் பெரிய குரலும் உள்ள மனிதர். கதவைத் திறந்ததுமே, யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல், சந்தோஷமாகக் கத்தினார்: "என்னடி, தெருமுனையிலயே வாசனை தூக்குது! வெங்காய பஜ்ஜியா?"

அதற்கப்புறம்தான் விருந்தாளிகளைப் பார்த்தார். பார்த்ததும் பதறி, பதற்றத்தில் மரியாதை காட்ட நினைத்து, வாழைப்பழத் தாரை எடுத்துக் கொடுக்க டிக்கியைத் திறந்தார். பழத்தின் பக்கத்தில், கூடை நிறைய வெங்காயமும் பூண்டும் ஆன்ட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெங்காயத்தை டிக்கியில் மறைத்து மாட்டிக்கொண்டது நாங்கள்தான்.

"இதான் கேரண்டியா?" என்றார் ஆன்ட்டி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் வருத்தமாகக் கேட்டார். "நீங்க சாப்பிடுங்க, அது உங்க வீடு. இல்லைன்னு எதுக்கும்மா சொல்லணும்? சாப்பாட்டுலயே இப்படின்னா, மத்த விஷயத்துல நான் யார் பேச்ச நம்பறது? நிவி, கார்ல ஏறு."

நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. கதிர் கார் சாவியை எடுத்தான். ஒரு வாரம் வீட்டைத் தேய்த்துக் கழுவி, என் தம்பியின் வாழ்க்கையையும் சேர்த்துக் கழுவி விட்டுவிட்டேனா? அந்த நொடியில்தான் மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

"புல்லு!" என்று கத்தினேன். "ஆன்ட்டி, புல்லு! வாசன புல்லுல இருந்து வருது! இப்பதான் வெட்டினேன்!"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அதில் இப்போது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "புல்லுல வெங்காய வாசன" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, ப்ளீஸ், ஒரே ஒரு நிமிஷம்" என்றாள் நிவேதா.

அந்த ஒரு நிமிஷம் போதாதா? பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்வெளிக்குள் பாய்ந்தேன். கைக்கு வந்த ஒரு கொத்தை வேரோடு பிடுங்கினேன். வெற்றிப் புன்னகையோடு ஓடி வந்து ஆன்ட்டியிடம் நீட்டினேன். அவர் கைக்குட்டையை விலக்கி, குனிந்து, பொறுமையாக மோந்து பார்த்தார்.

"இதுல ஒரு வாசனையும் இல்லையேம்மா."

காக்கா விஷம். பூ இருந்தால் தள்ளி நின்றே கண்டுபிடித்திருப்பேன். பூவையெல்லாம் நானே வெட்டித் தள்ளியிருந்தேன். மூக்கு இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். மூக்கும் இல்லை. "எப்படி இல்லாம போகும்!" என்று ஆத்திரத்தில் அதைக் கடித்தே காட்டிவிட வாய்க்குக் கொண்டுபோனேன். சேகர் பாய்ந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏய், வாசன இல்லன்னா வாயில வைக்காதன்னு நீதானே ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுப்ப!"

"அப்போ," என்றார் ஆன்ட்டி, "இந்தப் புல்ல நீங்க சாப்பிடறதுண்டா?"

"எப்படிம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் ராகவன் அங்கிள். அவர் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை. குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

என்னைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க வராது. வீடு தீப்பிடித்து எரிந்தாலும் வராது. "தாள தோசைல தூவலாம் அங்கிள். ஆனா கெழங்குதான் ருசி. நல்லெண்ணெய்ல நல்லா சுருள வதக்கி, வறமொளகா, ஒரு கோலி புளி வெச்சு..."

"அக்கா!!" என்று கதிர் அலறினான்.

மறுபடி புல்வெளிக்கு ஓடினேன். இந்த முறை முழங்காலிட்டு, இரண்டு கையாலும், கண்ட கண்ட கொத்தையெல்லாம் பிடுங்கினேன். சேகரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மோந்து, "இது இல்ல, இது இல்ல, இதுதான்!" என்று தரம் பிரித்தார். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. பட்டுப்புடவை முழுக்கக் கரிசல் சேறு. ஒருவழியாக அசல் வெங்காயம் ஒரு பிடி சேர்ந்தது. கொண்டுவந்து நீட்டினேன்.

ஆன்ட்டி மோந்து பார்த்தார். தலையை ஆட்டினார். "உன் கைதான் மணக்குது. செடி மணக்குதா, கை மணக்குதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? காலைல வெங்காயம் உரிச்ச கையா இருந்தா?"

"ருசி பாத்தா தெரிஞ்சுடுமே" என்றார் அங்கிள், ஒரு அடி முன்னால் வந்து. ஆன்ட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அங்கிள் இரண்டு அடி பின்னால் போனார்.

பிறகு ஆன்ட்டி கதிரைப் பார்த்தார். வெயிலில் நின்று அவர் முகம் சிவந்திருந்தது. "உங்க அக்கா சொல்றத என்னால நம்ப முடியல. நீ சொல்லு. நீ இத ஒரு கடி கடிச்சுப் பாத்து, வெங்காயம்தான்னு சொன்னா நான் நம்பறேன். உள்ள வந்து சாப்பிடறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா! ஒரு கடி! ஒரு கிழங்கை உரித்து, முந்தானையில் துடைத்து, அவன் கையில் வைத்தேன்.

கதிர் அதைப் பார்த்தான். விரலால் உருட்டினான். அந்தத் துவையல் எல்லாம் அவன் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன். அப்புறம் கிழங்கை என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"ஆன்ட்டி, இது வெங்காயம்தான். எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் கடிக்க முடியாது."

"டேய் லூசு!" என்று நான் கத்தினேன். "கடிடா! ஒரே கடி!"

"கடிச்சுட்டுத் துப்பிடு மாப்ள" என்று கெஞ்சினார் சேகர்.

"கதிர், ஜஸ்ட் கடிச்சுக் காட்டேன்!" என்றாள் நிவேதா, அழுகிற குரலில்.

"உன்கிட்ட விட்டுட்டேன்னு சொன்னேன்ல, நிவி."

"இப்ப நானே சொல்றேன், கடி!"

"முடியாது. ஸாரி ஆன்ட்டி. நீங்க நம்பலைன்னாலும் பரவால்ல. என்னால முடியாது." கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்கள் பரம்பரையிலேயே வெங்காயத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அதே சமயம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அலர்ஜி இல்லை.

ஆன்ட்டி கதிரைப் பார்த்தார், என் சேற்றுப் புடவையைப் பார்த்தார், சேகரின் வேட்டியைப் பார்த்தார். காருக்குள் இருந்த இன்னொரு காலையும் வெளியே எடுத்து வைத்தார்.

"செருப்ப எங்க விடணும்?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் வெளியைவிட மோசமாக இருந்தது. (ஜன்னல்கள்!) ஆன்ட்டி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே அவியல் சாப்பிட்டார், கைக்குட்டையை எடுக்காமலே முகூர்த்தம் பற்றிப் பேசினார். அங்கிள் ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் ஆழமாக மூச்சு இழுத்து, மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டார். "பிரமாதமான சாப்பாடும்மா" என்று நா தழுதழுக்கச் சொன்னார்.

கல்யாணம் சென்னையில் ஜாம் ஜாமென்று நடந்தது. மண்டபத்தில் மைதிலி ஆன்ட்டி ஒவ்வொரு உறவினரிடமும் கதிரை நிறுத்தி, "அன்னிக்கு நான் ஒரு பரீட்ச வெச்சேன். பையன் ஜெயிச்சுட்டான். தலை போனாலும் வாக்கு மாறாத பிள்ள" என்று அறிமுகப்படுத்தினார். பரீட்சையாவது ஒன்றாவது, வெயிலில் நின்ற கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள் என்று அங்கிள் என்னிடம் தனியாகச் சொன்னார். எது உண்மை என்று இன்றுவரை முடிவாகவில்லை. இரண்டு வீட்டாரும் சேர்ந்தால் இந்த வழக்குதான் முதலில் எடுக்கப்படும். சாட்சிக்கு என் புடவை வரும்.

ஆனால் உண்மையில் சிக்கியது கதிர்தான். சென்னையில் ஒரு கூட்டமே அவனை வெங்காயத்தை வென்ற வீரனாகக் கொண்டாடுகிறது. வாரா வாரம் வீடியோ காலில் யாராவது ஒரு சித்தப்பா வந்து வாழ்த்துகிறார். இனி அவனால் ஒரு வெங்காய ரிங்கைக்கூடத் தொட முடியாது.

போன மார்ச்சில் இருவரும் சாப்பிட வந்திருந்தார்கள். நான் காட்டு வெங்காயத் துவையல் அரைத்திருந்தேன். கதிருக்கு வழக்கம்போலத் தயிர்சாதமும் மாவடுவும். நிவேதா தன் தட்டில் இட்லியை வைத்து, நடுவில் குழி செய்து, துவையலைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். கல்யாணமான முதல் வருடம் 'சும்மா டேஸ்ட்டுக்கு' என்று விரல் நுனியில் தொட்டுப் பார்த்தவள். இப்போது டப்பா கொண்டுவருகிறாள். (மைதிலி ஆன்ட்டி, இதைப் படிக்க நேர்ந்தால், இந்தப் பத்தி கற்பனை.)

கதிர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நிவி, இது உனக்கே நியாயமா இருக்கா? உனக்காகத்தானே நான் விட்டேன்?"

நிவேதா இன்னொரு இட்லியை எடுத்துக்கொண்டாள். "அம்மா பரீட்ச வெச்சது உனக்குத்தானே, எனக்கு இல்லையே."

கதிர் தயிர்சாதத்தைப் பிசைந்தான்.